மரத்து மேல ஒரு காடு – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "மேகம் வந்து உக்கார்ற காடுங்க பத்தி, நம்ம ஊட்டி கொடைக்கானல் சோலை பத்தி என்ன வேணா கேளுங்க"ன்னு சும்மா ஒரு பெட்டிச் செய்தி போட்டோம், இவ்ளோ கேள்வி வரும்னு சத்தியமா எதிர்பார்க்கல. ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன், ரொம்ப நீளமா எழுதினவங்களோடத கொஞ்சம் வெட்டியிருக்கேன், கோச்சுக்காதீங்க. ஊட்டில சீசனுக்கு எங்க ரூம் சீப்பா கிடைக்கும்னு கேட்ட மூணு பேருக்கு மட்டும் பதில் கிடையாது, எனக்கே தெரியாது.

கேள்வி: கொடைக்கானல்ல பேரிஜம் போற வழியில மதிகெட்டான் சோலைன்னு ஒரு காட்டைக் காட்டி, "உள்ள போனா புத்தி பேதலிச்சுடும், திரும்ப வழி தெரியாது, அங்க ஒரு மூலிகை இருக்கு"ன்னு டிரைவர் சொன்னார். நெஜமாவா சார்? – மதுரை வாசகர்

மூலிகையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. ஆனா வழி தெரியாமப் போறது நூத்துக்கு நூறு நெஜம், அதுக்குக் காரணம் அந்தக் காடு கட்டப்பட்டிருக்கற விதம்.

கீழ இருக்கற மழைக்காட்டுல மரங்க மாடி மாடியா நிக்கும். 40 மீட்டருக்கு மேல போற பெரிய மரம், அதுக்குக் கீழ நடுத்தரம், அதுக்கும் கீழ சின்னது. தூரத்துல தெரியற ஒரு பெரிய மரத்தை அடையாளம் வெச்சுக்கிட்டு நடக்கலாம். சோலைங்கறது நம்ம உயரமான மலைல இருக்கற மேகக்காடு, அதுல அந்த வசதி கிடையாது. எல்லா மரமும் 10, 15 மீட்டர்தான், நல்லா காத்து மறைவான பள்ளமா இருந்தா 20 வரைக்கும் போகும். எதுவும் தலையைத் தூக்கி நிக்காது. மேல இருந்து பார்த்தா காலிஃபிளவரை அடுக்கி வெச்ச மாதிரி ஒரே மட்டமா இருக்கும், உள்ள நின்னு பார்த்தா வானமே தெரியாது. தண்டு ஒவ்வொண்ணும் கோணல் மாணல், அது மேல பச்சைப் பாசி சட்டை போட்ட மாதிரி, அதனால இந்த மரத்துக்கும் பத்தடி தள்ளி நிக்கற மரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. இதுல மேகம் வேற எறங்கிடுச்சுன்னா நாலடிக்கு மேல கண்ணு தெரியாது, சத்தமும் அமுங்கிடும். கூட வந்தவன் கூப்பிடறது எந்தப் பக்கம்னே புரியாது. மதி கெடாம என்ன பண்ணும்?

இதே பேர்ல கேரளாவுல இடுக்கி பக்கமும் ஒரு காடு இருக்கு, 2003ல தேசியப் பூங்கா ஆக்கினாங்க. ரெண்டு ஊர்க்காரனும் தனித்தனியா வழி தொலைச்சு ஒரே பேர் வெச்சிருக்கான் பாருங்க. இன்னொண்ணு, "சோலை"ங்கற நம்ம வார்த்தையை வெள்ளைக்கார காட்டிலாகா ஆளுங்க எடுத்துட்டுப் போய் "ஷோலா"ன்னு ஆக்கி உலகம் பூரா புத்தகத்துல போட்டாங்க, இப்ப நம்மாளுங்க அதைத் திரும்ப வாங்கி தமிழ்லயும் "ஷோலா காடுகள்"னு எழுதறாங்க. எனக்கு அதைப் பார்க்கறப்பல்லாம் வயிறு எரியும்.

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க கேக்குறாங்க: மழைக்காடு, மேகக்காடு, ரெண்டும் ஈரம்தானே, என்ன வித்தியாசம்? – ஒரு அறிவியல் டீச்சர், திருச்சி

டீச்சர், பிள்ளைங்ககிட்ட இப்படிச் சொல்லுங்க. மழைக்காட்டுக்கு தண்ணி மேல இருந்து வருது, மேகக்காட்டுக்கு மேல இருந்தும் வருது, பக்கவாட்டுலயும் வருது.

கடல்ல இருந்து வர்ற ஈரக்காத்து மலையில முட்டி மேல ஏறுது, ஏற ஏற குளிருது (1000 மீட்டருக்கு சுமாரா ஆறு ஆறரை டிகிரி), ஒரு உயரத்துல மேகமாகிடுது. அந்த உயரத்துல காடு இருந்தா மேகம் காட்டுக்குள்ள புகுந்து போகும். மேகத்துல இருக்கற துளி ஒவ்வொண்ணும் ஒரு மில்லிமீட்டர்ல நூறுல ஒண்ணு ரெண்டு பங்குதான், அது மழையா விழற அளவுக்கு கனம் இல்ல, மிதந்துக்கிட்டே போகும். ஆனா வழியில ஒரு இலை, ஒரு பாசி, ஒரு சிலந்தி வலை குறுக்க வந்தா அதுல ஒட்டிக்கும். நூறு துளி சேர்ந்து, ஆயிரம் துளி சேர்ந்து, அப்புறம் கீழ சொட்டும்.

நான் முதல் தடவை இதைப் பார்த்தது நீலகிரி அவலாஞ்சி பக்கம், மார்ச் மாசம். கூட வந்த வாச்சர் அண்ணன் ஒரு வேலை பண்ணினார். புல்வெளியில என்னை நிக்க வெச்சு "மழை பேயுதா?"ன்னு கேட்டார். இல்ல, சட்டை கூட நனையல, வெறும் மூடுபனி. நாலு எட்டு தள்ளி சோலை ஓரத்து மரத்தடிக்கு கூட்டிட்டுப் போனார், அங்க டொப்பு டொப்புனு தலையில விழுது. தரையில மரத்தோட நிழல் விழற அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் ஈரமா இருந்துச்சு, அதுக்கு வெளிய மண்ணு காய்ஞ்சு கிடந்துச்சு. மழை அளக்கற மானியை புல்வெளில வெச்சிருந்தா அன்னிக்கு "மழை இல்லை"ன்னுதான் எழுதியிருப்பாங்க.

ஈரமான மேகக்காடுகள்ல இந்த மாதிரி இலை பிடிக்கற தண்ணி பொதுவா மழையில 5ல இருந்து 20 சதவீதம் வரைக்கும் கூடுதலா சேரும்னு கணக்குப் போட்டிருக்காங்க. மழை இல்லாத மாசத்துல இதோட பங்கு ரொம்ப அதிகம், அப்பதான் செடிக்கு உயிர் போற நேரமும்.

எவ்ளோ உயரத்துல வரும்னா, அது மலைக்கு மலை மாறும். பெரிய மலைத்தொடர்னா 1500, 2000 மீட்டருக்கு மேலதான் ஆரம்பிக்கும், கடலுக்கு நடுவுல தனியா நிக்கற சின்னத் தீவு மலைன்னா 500 மீட்டர்லயே மேகக்காடு வந்துடும். பெரிய மலைத்திரள் சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கும், அதனால அங்க எல்லாமே இன்னும் மேல தள்ளிப் போகும். நம்ம சோலை கிட்டத்தட்ட 1500, 1700க்கு மேல.

கேள்வி: மலைக்கு மேல பாசி புடிச்சா என்ன, புடிக்காட்டி என்ன, கீழ பாய்ச்சலுக்கு தண்ணி வந்தா சரி. எங்களுக்கு இதுல என்னங்க இருக்குது? – ஒரு விவசாயி, கோபிசெட்டிபாளையம்

நீங்க பாய்ச்சற தண்ணி பவானிசாகர்ல இருந்துதானுங்களே வருது. அந்த டேமுக்கு வர்ற பவானியும் மாயாறும் ரெண்டுமே நீலகிரி மேல இருந்துதான் எறங்குது, பைக்காரா போய் மாயாறாகுது. அப்ப உங்களுக்கு இதுல நிறையவே இருக்குதுங்க.

ஆனா மேடையில பேசறவங்க மாதிரி "சோலைதான் மழையைக் கொண்டு வருது"ன்னு நான் சொல்ல மாட்டேன். மழையைக் கொண்டு வர்றது பருவக்காத்து, அதைத் தடுத்து கொட்ட வைக்கறது மலை. சோலை பண்றது வேற வேலை. மேகத்துல இருக்கறதை பிடிச்சு கூட்டிக் குடுக்கும், இலை எப்பவும் நனைஞ்சே இருக்கறதால மரம் தண்ணியை ரொம்ப உறிஞ்சி ஆவியா விடாது, அப்புறம் கீழ இருக்கற கருப்பு மக்கு மண்ணு வாங்கி வெச்சுக்கிட்டு மெதுவா விடும். கூடவே சுத்தி இருக்கற புல்வெளிக்கும் பள்ளத்துல இருக்கற சதுப்புக்கும் இதுல பங்கு உண்டு, மரத்துக்கு மட்டும் மாலை போடக்கூடாது.

கோத்தகிரில லாங்வுட் சோலைன்னு ஒண்ணு இருக்கு. மொத்தமே 116 ஹெக்டேர். சுத்தி ஊரு, தேயிலைத் தோட்டம். அந்தச் சின்ன காட்டுத் தண்ணியை சுத்துப்பட்டு கிராமங்க குடிக்குது, 2024ல அதை ராம்சார் பட்டியல்ல சேர்த்தாங்க. ஏரி, சதுப்பு நிலத்துக்கெல்லாம் குடுக்கற அந்த அந்தஸ்து ஒரு காட்டுக்குக் கிடைச்சிருக்குன்னா தண்ணிக் கணக்கு புரிஞ்சுதான் குடுத்திருக்காங்க.

கேள்வி: சோலை மரமெல்லாம் குட்டையா இருக்கே, எல்லாம் சின்ன வயசு மரமா? வெட்டி வெட்டி இப்படி ஆகிடுச்சா? – சென்னை வாசகர்

வெட்டினதால இல்ல, அது வளர்ற லட்சணமே அப்படித்தான். வருஷக்கணக்கா நின்னாலும் உயரமாப் போகாது. மேகம் மறைச்சா வெயில் கம்மி, வெயில் கம்மின்னா சாப்பாடு கம்மி. குளிர்ல இலைச்சருகு சீக்கிரம் மக்காது, அதனால தழைச்சத்து மண்ணுல மாட்டிக்கிட்டு வேருக்குக் கிடைக்கறது கொஞ்சம்தான். மண்ணு எந்நேரமும் நீர் கோத்து கிடக்கும். காத்து வேற. ஒவ்வொரு மலையில ஒவ்வொண்ணு தூக்கலா இருக்கும், பொதுவா எல்லாம் சேர்ந்துதான் அடிக்கும். ரொம்ப காத்தடிக்கற முகட்டுல மரம் நம்ம தலை உயரத்துக்கு கொஞ்சம் மேலயே நின்னுடும், அதை குட்டைக்காடுன்னே தனியா வகை பிரிக்கறாங்க.

மரம் மட்டும் இல்ல, இலையும் சுருங்கும். கீழ்க்காட்டு இலை உள்ளங்கை அளவுன்னா இங்க ரெண்டு விரல் அகலம், தோல் மாதிரி தடிப்பா, மடிச்சா "டப்"புனு ஒடியும். கீழ மழைக்காட்டு மரத்துக்கெல்லாம் அடியில பலகை மாதிரி வேர் விரிஞ்சு நிக்குமே, அது இங்க அநேகமா காணாமப் போயிடும். தடியான கொடிகளும் குறைஞ்சிடும்.

கேள்வி: அப்படி என்னதான் செடி வகை அங்க இருக்கு? எனக்கு ரோஜாவும் டாலியாவும்தான் ஞாபகம் இருக்கு. ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் ஒரு ஆறு தடவை போயிருக்கேன். – ஒரு இல்லத்தரசி, கோயம்புத்தூர்

அம்மா, கார்டன்ல பார்த்ததுல பாதிக்கு மேல வெளிநாட்டுச் செடி. சோலையில இருக்கறது உங்க அஞ்சறைப்பெட்டியில இருக்கறதுங்க சொந்தக்காரங்க.

முதல்ல பட்டைக் குடும்பம். பிரியாணிப் பட்டை, பிரிஞ்சி இலை, பட்டர் ஃப்ரூட் எல்லாம் ஒரே குடும்பம், லாரேசியேன்னு பேர். சோலையில மரத்துல பெரிய கை இவங்கதான். பேர் தெரியாத ஒரு மரத்து இலையைக் கசக்கி மோந்து பாருங்க, பட்டையும் மாங்காயும் கலந்த மாதிரி ஒரு வாசனை வந்தா தொண்ணூறு சதம் இந்தக் குடும்பம்தான். அடுத்து நாவல் குடும்பம், மலை நாவல் நிறைய வகை, ஓரத்துல தவிட்டுப்பழம் புதரு. அடுத்து நாட்டுமருந்துக் கடையில வெள்ளிலோத்திரப்பட்டை விக்கறாங்களே, அந்த மரத்தோட சொந்தம் எல்லாம், இவங்க மண்ணுல இருக்கற அலுமினியத்தை உறிஞ்சி இலையில சேர்த்து வெச்சுக்கற ஆளுங்க, மத்த செடிக்கு அது விஷம். உருத்திராட்சக் குடும்பத்துல விக்கி மரம். மலைச் செண்பகம். கீழ்த்தட்டுல காப்பிக் குடும்பத்துப் புதருங்க, குறிஞ்சியோட அக்கா தங்கச்சிங்க, ஓடை ஓரம் மரம் மாதிரி உசந்து நிக்கற பெரணி. ஈரப்பாறையில காசித்தும்பை. புல்வெளிப் பக்கம் வந்தா கோல்தேரியான்னு ஒரு புதர், இலையைக் கசக்கினா அப்படியே வலி தைலம் வாசனை, ஊட்டி கடையில விண்டர்கிரீன் தைலம்னு விக்கறது அதுல இருந்து வந்ததுதான்.

ஆனா ஒரு விஷயம் நெறைய பேரு தப்பா எழுதறாங்க. மலை ஏற ஏற மர வகை கூடாது, குறையும். சோலையை விட கீழ்க்காட்டுலதான் மர வகை அதிகம். அப்ப சோலைக்கு ஏன் இவ்ளோ பேருன்னா, மரத்து மேல தொத்தி வளர்றது இருக்கே, ஆர்க்கிட், பெரணி, பாசி, அது மட்டும் நடு உயரத்துல போய்தான் உச்சத்தைத் தொடும். உலகத்துல உள்ள மொத்த செடி வகையில பத்துல ஒண்ணு இந்த மாதிரி தொத்துச்செடின்னா, சில மேகக்காட்டுல நாலுல ஒண்ணு, மூணுல ஒண்ணு அதுதான். இன்னொண்ணு, கீழ்க்காட்டுல இருக்கற மரம் பக்கத்து மலையிலயும் இருக்கும். சோலைச்செடி அப்படி இல்ல, மலை உச்சி ஒவ்வொண்ணும் தனித்தீவு மாதிரி, பள்ளத்தாக்கைத் தாண்டி அதால போக முடியாது, அதனால அங்கங்க மட்டும் இருக்கற வகைங்க ஏராளம்.

போறதுன்னா புதுக்கொழுந்து விடற நேரத்துல போங்க. காடே செவப்பும் ஊதாவும் செம்புக் கலருமா இருக்கும், பூ பூத்துடுச்சோன்னு நினைப்பீங்க, எல்லாம் இளம் இலை. கடும் வெயில்ல இருந்தும் பூச்சில இருந்தும் கொழுந்தைக் காப்பாத்திக்க அந்தச் சாயம்.

கேள்வி: மரத்து மேல வளர்ற இதுங்க எல்லாம் மரத்தோட சத்தை உறிஞ்சிடாதா? எங்க தோப்புல மாமரத்துல புல்லுருவி வந்து கிளையே பட்டுப்போச்சு. – கிருஷ்ணகிரி வாசகர்

நல்ல கேள்வி, இதுக்காகவே இந்த இதழ்ல இடம் கூட்டிக் கேட்டேன்.

புல்லுருவி வேற, இது வேற. புல்லுருவி மரத்துக்குள்ள வேரைச் சொருகி சாறு எடுக்கும். தொத்துச்செடி குடியிருக்கும், அவ்ளோதான். சாப்பாடு, தண்ணி எல்லாம் காத்துல வர்ற மேகத்துல இருந்தும் தூசில இருந்தும் அதுவே பார்த்துக்கும். (சோலையிலயும் புல்லுருவி உண்டு, அது தனிக்கதை.)

இப்ப ஒரு கிளையை கிட்டக்க போய் பார்ப்போம். கை மொத்தம் ஒரு கிளை. முதல்ல அதுல ஒட்டறது லைக்கன், பூஞ்சையும் ஆல்காவும் (தண்ணில வளர்ற வகை) சேர்ந்து குடித்தனம் நடத்தற ஒண்ணு. செட்டிநாட்டு சமையலுக்கு கல்பாசி வாங்கறீங்களே, அது பாசியே இல்ல, அதுவும் லைக்கன்தான். சிலது கிளையில இருந்து தாத்தா தாடி மாதிரி தொங்கும். அது மேல நெஜப் பாசி வந்து உக்காரும். பாசி தன்னோட காய்ஞ்ச எடையைப் போல பல மடங்கு தண்ணி பிடிக்கும், பிழிஞ்சீங்கன்னா டீ டம்ளர் ரொம்பும். பாசிக்குள்ள தூசி, இலைச்சருகு, பூச்சி எச்சம் எல்லாம் சேர்ந்து மக்கி, கிளை மேலயே கருப்பா மண்ணு உண்டாகிடும். தரையில இருந்து பத்து மீட்டர் மேல மண்ணு! அதுல மண்புழு கூட இருக்கும். அந்த மண்ணுல ஆர்க்கிட் வேர் விடும், பெரணி முளைக்கும், சில நேரம் ஒரு சின்ன மரக்கன்னே நிக்கும்.

அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது மென்தாள் பெரணி. இலையோட தடிமன் ஒரே ஒரு செல். ஒண்ணே ஒண்ணு. பின்னாடி விரலை வெச்சா ரேகை வரைக்கும் தெரியும். மத்த இலைக்கெல்லாம் மூச்சு விட துளை இருக்கும், இதுக்கு அதுவும் கிடையாது, உடம்பு முழுக்கத் தோலால தண்ணி குடிக்கும். மூணு நாள் மேகம் வரலைன்னா கருவேப்பிலை வறுத்த மாதிரி சுருண்டுடும், செத்துப்போச்சுன்னு நினைப்போம், மேகம் திரும்ப வந்தா அரைமணியில விரிஞ்சுக்கும்.

இப்ப உங்க கேள்விக்கு நேர் தலைகீழான சங்கதி ஒண்ணு. நளினி நட்கர்னின்னு ஒரு விஞ்ஞானி, இந்திய வம்சாவளி, அமெரிக்காவுல இருக்காங்க, மரத்து மேல கயிறு கட்டி ஏறியே ஆராய்ச்சி பண்றவங்க. கிளை மேல இருக்கற அந்தப் பாசிப் பாயைத் தூக்கிப் பார்த்தப்ப, உள்ள தடியா ஒரு வேர் ஓடுது. எந்தச் செடியோடதுன்னு தேடிப் போனா, அது அந்த மரத்தோட வேரேதான். கிளையில இருந்து மரமே வேர் விட்டு, தன் மேல குடியிருக்கறவங்க சேர்த்து வெச்ச மண்ணுல இருந்து சத்து எடுக்குது! 1981ல இதை வெளியிட்டாங்க, அப்புறம் கோஸ்டா ரிக்கா நாட்டு மான்டிவெர்டே மேகக்காட்டுல வருஷக்கணக்கா இதையே தொடர்ந்து பார்த்தாங்க. ஆக குடித்தனக்காரன் வீட்டைச் சுரண்டல, வீட்டுக்காரன்தான் குடித்தனக்காரன் அடுப்படில கைய விடறான்.

கேள்வி: ஊட்டி போனப்ப அந்தப் பாசியும் ஒரு ஆர்க்கிட்டும் எடுத்துட்டு வந்தேன், சேலம் வீட்டு பால்கனில வெச்சு டெய்லி தண்ணி தெளிக்கறேன், காய்ஞ்சுட்டே வருது, என்ன உரம் போடலாம்?

உரம் வேணாம்மா, மேகம் வேணும். சேலத்துல அது கிடைக்காது. காப்புக்காட்டுல இருந்து எடுத்துட்டு வந்ததே சட்டப்படி தப்பு, அதை இப்படி பத்திரிகைக்கு எழுதிப் போடறது அதை விட தைரியம். உங்க பேரை நானே எடுத்துட்டேன்.

கேள்வி: நாங்கள் ஹோட்டன் சமவெளிக்குப் போன நேரம் நிறைய மரங்கள் நின்ற நிலையிலேயே காய்ந்து வெள்ளையாகிக் கிடந்ததைக் கண்டோம். உங்கட நீலகிரிக் காடும் எங்கட காடும் ஒரே மாதிரியாம், அங்கேயும் இப்படி நடக்கிறதா அண்ணா? – இலங்கை நுவரெலியா வாசகி

தங்கச்சி, ஒரே மாதிரின்னு சொன்னது சரி, ரத்த உறவே இருக்கு. நம்ம பக்கம் காட்டுப்பூவரசுன்னு சொல்ற சிவப்பு ரோடோடெண்ட்ரான் உங்க மலையிலயும் இருக்கு, இமயமலையிலயும் இருக்கு, மூணும் ஒரே இனம், உள்வகை மட்டும்தான் வேற. நம்ம மலைக்கும் இமயமலைக்கும் நடுவுல கிட்டத்தட்ட ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒண்ணு கூட கிடையாது. குளிரும் ஈரமும் தெற்கு வரைக்கும் பரவிக் கிடந்த பழைய காலத்துல வந்து, உலகம் சூடானப்ப மலை உச்சியில மாட்டிக்கிட்ட கூட்டம்னுதான் இதை விளக்குவாங்க. குறிஞ்சி இனமும் அப்படி, உங்க ஊர் சிங்களத்துல நெலுன்னு சொல்றது அதோட சொந்தம்.

மரம் சாகறது பத்தி. ஹோட்டன் சமவெளி 3160 ஹெக்டேர், 2100 மீட்டருக்கு மேல, 1988ல தேசியப் பூங்கா, 2010ல உலக மரபுரிமைப் பட்டியல்ல வந்த மத்திய மலைநாட்டுல ஒரு பகுதி. மகாவலி, களனி, வளவை மூணும் அங்க தலையெடுக்குது. அப்படிப்பட்ட இடத்துல 1970களின் கடைசில இருந்தே மரங்க திட்டுத்திட்டா உச்சியில இருந்து காய ஆரம்பிச்சிருச்சு, கீன மரம், நாவல் வகைங்கதான் அதிகம் அடி வாங்கினது. வறட்சி, மண்ணு மாறினது, காத்து மாசு, பூஞ்சைன்னு ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணைப் பார்த்திருக்காங்க, இதுதான்னு ஒத்தை விரலை நீட்ட முடியல. நீலகிரில அந்த மாதிரி கூட்டமா சாகறது இல்ல. எங்க பக்கம் வியாதி வேற, அடுத்த பதில்ல பாருங்க.

கேள்வி: எங்க ஆபீஸ்ல இருந்து நாப்பது பேர் லீவுல வந்து நீலகிரி மொட்டை மலையில 500 மரக்கன்னு நடலாம்னு பிளான், எந்தக் கன்னு நல்லது? – பெங்களூரு வாசகர்

எதுவும் வேணாம் தம்பி, ப்ளீஸ். அது மொட்டை மலை இல்ல, புல்வெளி. அது இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு.

சோலை பள்ளத்துல, மடிப்புல இருக்கும், மேடெல்லாம் புல்லா இருக்கும், ரெண்டும் சேர்ந்ததுதான் ஒரு காடு. டிசம்பர் ஜனவரில புல்வெளில உறைபனி விழும், காலைல வெள்ளை உப்பு கொட்டின மாதிரி இருக்கும், சோலை மரத்துக் கன்னு அதுல கருகிடும். காட்டுப்பூவரசு மாதிரி ஒண்ணு ரெண்டுதான் பனிக்கும் தீக்கும் தாக்குப் பிடிச்சு வெளிய நிக்கும். யாரோ காட்டை வெட்டினதாலதான் புல் வந்துச்சுன்னு ரொம்ப நாள் ஒரு கட்சி பேசிக்கிட்டிருந்துச்சு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து ஆர். சுகுமாரும் கூட்டாளிகளும் நீலகிரி சதுப்புல அடுக்கடுக்கா படிஞ்சு கிடந்த மக்கை எடுத்து அதுல உள்ள கார்பன் வகையைப் பார்த்தாங்க, மரத்துல இருந்து வந்த கார்பனும் அந்தப் புல்லுல இருந்து வந்த கார்பனும் வேற வேற ஜாடை. 1993ல நேச்சர் இதழ்ல வந்துச்சு. 20,000 வருஷம் முன்னாடியே அங்க புல் இருந்திருக்கு, பூமி குளிர்ந்து காய்ஞ்சு இருந்தப்ப புல் கை ஓங்கியிருக்கு, ஈரம் கூடினப்ப மரம் ஏறியிருக்கு. உங்க ஆபீஸ் நாப்பது பேர் வந்து தீர்ப்பு சொல்ற வழக்கு இல்ல இது.

வெள்ளைக்காரன் இதைத் தரிசுன்னான், விறகுக்கும் தோல் பதனிடவும் ஆஸ்திரேலியா மரத்தைக் கொண்டு வந்தான். சுதந்திரத்துக்கு அப்புறம் நம்ம ஆளுங்க இன்னும் பெருசா நட்டாங்க, சீகைன்னு இங்க சொல்ற வாட்டில், தைல மரம், பைன். அந்த வாட்டில் விதை மண்ணுக்குள்ள வருஷக்கணக்கா தூங்கும், வெட்டினா, தீ வெச்சா ஒண்ணுக்கு நூறா கிளம்பும். புல்வெளி போச்சுன்னா வரையாடுக்கு மேய இடம் போச்சு.

இதுல ஒரு திருப்பமும் இருக்கு. கொடைக்கானல் பக்கம் சில பழைய வாட்டில் தோப்புக்குள்ள, அந்த நிழல்ல பனி படாததால, சோலை மரக்கன்னுங்க தானா முளைச்சு வருது. பறவை பழத்தைத் தின்னுட்டு வந்து போட்டது. அதனால கண்ணை மூடிக்கிட்டு எல்லா வாட்டிலையும் ஒரே நாள்ல வெட்டறதும் சரியில்லன்னு சொல்றவங்க இருக்காங்க, புல்வெளி ஓரத்துல புதுசா ஏறி வர்ற கன்னைப் பிடுங்கறதுதான் முதல் வேலைன்னு என் கருத்தும். உங்க நாப்பது பேருக்கு வேலை வேணும்னா வனத்துறைகிட்ட கேட்டுட்டு அதைப் போய் பிடுங்குங்க. செல்ஃபி அவ்ளோ நல்லா வராது.

சரி, புல்வெளி வேணாம், அழிஞ்சு போன சோலை இடத்துலயே நடறேன்னா? நடலாம், நாட்டு வகை நாத்து போட்டு நடறவங்க இருக்காங்க, நல்லது. ஆனா மேல சொன்னேனே அந்தக் கிளை மேல மண்ணு, பாசி, மென்தாள் பெரணி, அதை எந்த நர்சரியிலயும் விக்கல. மரம் நின்னதுக்கப்புறம் அது வந்து சேர நம்ம ஆயுசு பத்தாது. அதனால இருக்கறதை விட்டுட்டு "அங்க வெட்டிட்டு இங்க நட்டுக் குடுக்கறோம்"னு எவனாவது வந்தா நம்பாதீங்க. எனக்கே ஒரு தடவை ஒரு கான்ட்ராக்டர் மேப்பு போட்டு விளக்கினார், பத்து மரத்துக்கு நூறு மரம்னு. மேகத்தை எந்தக் கணக்குல எழுதுவீங்கன்னு கேட்டேன், டீ சொல்லிட்டு பேச்சை மாத்திட்டார்.

கேள்வி: குளோபல் வார்மிங்ல மேகக்காடு என்ன ஆகும்? – கல்லூரி மாணவர், திருநெல்வேலி

சூடு கூடினா மேகம் உருவாகற மட்டம் மேல ஏறும். காடு பின்னாடியே ஏறணும், ஆனா மலைக்கு உச்சின்னு ஒண்ணு இருக்கே. தொட்டபெட்டா 2637 மீட்டர், ஆனைமுடி 2695, அதுக்கு மேல வெறும் வானம்.

கோஸ்டா ரிக்காவுல நான் சொன்ன மான்டிவெர்டேல தங்கத் தேரைன்னு ஒண்ணு இருந்துச்சு, ஆண் தேரை பளபளன்னு ஆரஞ்சு கலர், உலகத்துலயே அந்த ஒரு மலைமுகட்டுல மட்டும். 1987ல நூத்துக்கணக்குல பார்த்தாங்க, 1989ல ஒண்ணே ஒண்ணு, அப்புறம் யாரும் பார்க்கல. 1999ல வந்த ஒரு ஆய்வு அங்க வறண்ட காலத்துல மேகம் தொடாத நாளுங்க கூடிக்கிட்டே வந்ததைக் காட்டுச்சு. தவளைங்களைக் கொல்ற ஒரு பூஞ்சை நோயும் சேர்ந்துதான் அடிச்சுதுங்கறாங்க, எது எவ்ளோன்னு இன்னும் சண்டை நடக்குது. செடிங்க தேரை மாதிரி பட்டுனு காணாமப் போகாது. முதல்ல போறது அந்த ஒரு செல் பெரணி மாதிரி, மேகத்தை நேரா குடிக்கறதுங்கதான். மரம் அப்படியே நிக்கும், தூரத்துல இருந்து பார்த்தா காடு நல்லாத்தான் இருக்குன்னு தோணும்.

கேள்வி: காட்டுல வழி தவறினா மரத்துல பாசி இருக்கற பக்கம்தான் வடக்குன்னு யூடியூப்ல சொன்னாங்க அங்கிள், கரெக்டா? – ஆறாம் வகுப்பு, தேனி

அது ஐரோப்பா, அமெரிக்கா காட்டுக்குச் சொன்னது செல்லம். அங்க சூரியன் எப்பவும் தெற்குப் பக்கம் சாய்ஞ்சேதான் போகும், அதனால வடக்குப் பக்கம் நிழலா ஈரமா இருக்கும். நம்ம ஊர்ல ஏப்ரல் கடைசில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் மத்தியான சூரியன் நமக்கு வடக்கால போகும், உன் நிழல் தெற்கால விழும், மே மாச லீவுல மொட்டை மாடியில நின்னு பாரு. சோலையில பாசி மரத்தைச் சுத்தி எல்லாப் பக்கமும் இருக்கும், மேகக்காத்து எந்தப் பக்கம் இருந்து வருதோ அந்தப் பக்கம் கொஞ்சம் தடிப்பா இருக்கும். அதை வெச்சு காத்து எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிக்கலாம், தேனிக்கு வழி கண்டுபிடிக்க முடியாது.